கரிசல் அடுப்பில் தேநீர் ரொட்டி

பிரிட்டனின் மாலைத் தேநீரோடு பரிமாறப்படும் ரொட்டிகள் பலவகை. ஸ்கோன், க்ரம்பெட், பைக்லெட், மஃபின், வெல்ஷ் கேக், டீகேக், பாரா ப்ரித், பார்கின் என்று பட்டியல் நீளும். இவற்றில் முதல் ஐந்தும் ஓவன் இல்லாத வீடுகளில் உருவானவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட இங்கிலாந்துப் பகுதிகளின் சிறு குடியிருப்புகளில் செங்கல் சூளை போன்ற ரொட்டி அடுப்பைக் கட்டவும் எரிக்கவும் வசதி இருக்கவில்லை. தீயின் மேல் தொங்கவிட்ட தட்டையான இரும்புக்கல்தான் இருந்தது. அந்த மண்ணில் கோதுமை அரிது. ஓட்ஸும் பார்லியும்தான் விளைந்தன. அந்த மாவுகள் பெரிய ரொட்டியாக உப்பி எழாது, கல்லில் தட்டி வேகவைக்கத்தான் பொருந்தும். ஸ்கோன் என்ற பெயர் 1513இலேயே ஸ்காட்லாந்துக் கவிஞர் கவின் டக்ளஸின் எழுத்தில் வந்துவிட்டது. அன்று அது கல்லில் சுட்டு நான்காகக் கீறிப் பங்கிட்ட வட்ட ரொட்டி. ஓட்டல்களில் அடுக்கிவைக்கும் உயரமான, பொன்னிறமான ஸ்கோன் பிற்காலத்தது.

இந்த வரலாறு விருதுநகர் மாவட்டத்துச் சமையலறைக்கு நேரடியாகப் பயன்படுகிறது. சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை சுற்றிய பூமி மானாவாரிக் கரிசல். பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த இடம், கோதுமை விளைந்ததில்லை. கம்பும் சோளமும் கூழாகவும் களியாகவும் தோசையாகவும் அடையாகவும் ஆயின. வீட்டில் ஓவன் இருப்பது இன்றும் அபூர்வம். ஆனால் மூன்று தலைமுறையாகப் பழகிய கனமான இரும்புத் தோசைக்கல்லும், குழிப்பணியாரச் சட்டியும், ஒரு பழைய குக்கரும் இல்லாத வீடு குறைவு. பிரிட்டிஷ் தேநீர் ரொட்டியைச் செய்ய ஓவன் வாங்கியாக வேண்டும் என்று நினைப்பவர்கள், அந்த ரொட்டிகள் பிறந்த அடுப்பு ஏற்கெனவே தங்கள் வீட்டில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

கவனிக்காததற்குக் காரணம் உண்டு. ரொட்டி தென்தமிழ்நாட்டுக்குக் கடைவழியாக வந்தது. விருதுநகர் படைவீரர் குடியிருப்பும் அல்ல, மலைவாசத்தலமும் அல்ல, வணிக ஊர். 1923இல் பெயர் மாறும்வரை விருதுபட்டி. 1870களில் மதுரை - தூத்துக்குடி ரயில்பாதை வந்தபின் பருப்பு, மிளகாய், மல்லி, எண்ணெய் வியாபாரத்தில் வளர்ந்தது. கோதுமையும் மைதாவும் இங்கே சரக்காக வந்தன. மைதா வந்தபின் அதை விருதுநகர் தனக்கே உரிய பொரிச்ச பரோட்டாவாக்கிக்கொண்டது. ரொட்டியோ நெடுநாள் காய்ச்சல்காரர் உணவாகவே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு வாங்கிப்போகும் பொருள். இனிப்பு பன் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இடம்பிடித்தது. இரண்டிலும் வீட்டின் கை படவில்லை. ரொட்டி என்றால் பேக்கரி என்ற எண்ணம் அப்படித்தான் உறுதிப்பட்டது.

ஆங்கிலேயர்கள் சென்னை மாகாணத்தில் ரொட்டி சுட்டபோது முதலில் தவித்தது ஈஸ்ட்டுக்காக. வெப்பத்தில் ஈஸ்ட் கெட்டுப்போகும் என்பதால் பனங்கள்ளும் தென்னங்கள்ளும் மாவைப் புளிக்கவைக்கப் பயன்பட்டன. ஆப்ப மாவில் கள் விட்ட பழக்கமும் அதே அறிவிலிருந்து வந்ததுதான். கள்ளில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது.  பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டின்களில் வந்த பேக்கிங் பவுடர் இந்தச் சிக்கலுக்கு எளிய மாற்றாயிற்று. அதை 1843இல் பர்மிங்ஹாமில் உருவாக்கியவர் ஆல்ஃப்ரெட் பேர்ட். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காகச் செய்தது. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை இருப்பதால், பனைமரங்கள் நிற்கும் இந்த மாவட்டத்திலும் ஆப்பத்துக்கு இன்று தேங்காய்த் தண்ணீரோ பாக்கெட் ஈஸ்ட்டோதான். தேநீர் ரொட்டிக்கும் பாக்கெட் ஈஸ்ட்டே.

மாலைத் தேநீர் என்ற வழக்கமே பிரிட்டனிலும் பழையது அல்ல. மதிய உணவுக்கும் நேரம்கழித்த இரவு விருந்துக்கும் இடையிலான பசியைப் போக்க, 1840ஐ ஒட்டி பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா தேநீரோடு ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்ததில் அது நாகரிகமாயிற்று என்பார்கள். இந்தியத் தேயிலையைப் பரப்ப 1903இல் சட்டமியற்றித் தேயிலை ஏற்றுமதி மீது வரிவிதித்தார்கள். அந்தப் பணத்தில் நடந்த பிரசாரம் 1930களில் மும்முரமானது. தேநீர் ஊன்றிய பிறகும் இப்பக்கத்து மாலைச் சிற்றுண்டி இனிப்பு ரொட்டியாகவில்லை. சாத்தூர் காராச்சேவும், வடையும், பஜ்ஜியுமாகக் காரமாகவே நின்றது. இங்கே டீயில் சர்க்கரை தாராளம். அதனால் அருகில் வைக்கும் பண்டம் உறைப்பாக இருப்பதே நாவுக்கு இணக்கம். பிரிட்டிஷ் தேநீரில் சர்க்கரை குறைவு, ரொட்டியில் அது வருகிறது. ஆகவே இந்த ரொட்டிகளை இங்கே செய்பவர் முதலில் மாற்ற வேண்டியது சர்க்கரை அளவை. சீஸ் போட்ட உப்பு ஸ்கோன் பிரிட்டனிலேயே உண்டு. சீஸுக்குப் பதில் நுணுக்கிய மிளகு, சீரகம், பொடியாய் அரிந்த கறிவேப்பிலை சேர்த்தால் அது காராச்சேவின் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

தேநீர் ரொட்டிகள் இரண்டு வழியில் உப்புகின்றன. ஒன்று ஆப்பச்சோடா, மற்றது ஈஸ்ட். ஆப்பச்சோடா என்பது சோடியம் பைகார்பனேட். புளிப்பைச் சந்தித்தால் உடனே கரியமில வாயுவை வெளிவிடும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு உலர்ந்த அமில உப்பாக முன்கூட்டியே கலந்திருக்கிறது. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அதே வாயுவை மெதுவாகத் தருகிறது. அதோடு வாசனையும் சேர்க்கிறது. சோடா ரொட்டி அரைமணி நேர வேலை. ஈஸ்ட் ரொட்டிக்குப் பொறுமை வேண்டும்.

சோடா வகையின் தலைப்பிள்ளை ஸ்கோன். 250 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 50 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 130 மில்லி அளவு பால் அல்லது மோர். வெண்ணெயை விரல்நுனியால் மாவில் தேய்த்து ரவைபோல் உதிரியாக்கி, மோரை ஒரே தடவையாக ஊற்றி, கத்தியால் கிளறிச் சேர்த்துவிட வேண்டும். இங்கேதான் பரோட்டா ஊரின் கை தவறு செய்யும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, மேசையில் வீசி இழுப்பது கோதுமைப் புரதம் வலையாகப் பின்னி நீள வேண்டும் என்பதற்காக. ஸ்கோனில் அந்த வலை பின்னவே கூடாது. பிசைந்தால் வாயில் கரைய வேண்டிய ரொட்டி ரப்பராகிவிடும். மாவு சற்று ஈரமாக, ஒழுங்கில்லாமல், கையில் ஒட்டும் நிலையில் இருப்பதே சரி. மாவு தூவிய பலகையில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மெல்லத் தட்டி, தம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டலாம். வட்டமாகவே வைத்து நான்காகக் கீறினால் பழைய ஸ்காட்லாந்து முறை.

கல்லின் சூட்டை அளக்க அங்கே ஒரு பழைய சோதனை உண்டு. காய்ந்த கல்லில் ஒரு சிட்டிகை மாவைத் தூவ வேண்டும். அது அரை நிமிடத்துக்கு மேல் பொறுத்து மெல்லச் சிவந்தால் கல் தயார். உடனே கருகினால் தோசைக்குரிய சூடு, ஸ்கோனுக்கு ஆகாது. தோசை மெலிது, சட்டென்று வெந்துவிடும். ஸ்கோன் கனமானது, உள்ளே வேக நேரம் பிடிக்கும். அதனால் தணலைக் குறைத்து, மூடி போட்டு, ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் விட வேண்டும். கல்லில் நல்லெண்ணெய் தடவினால் அதன் வாசம் பாலையும் வெண்ணெயையும் அமுக்கிவிடும். வெண்ணெய் தடவிய துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் அடி கருகி நடு பச்சையாக நிற்கும். இதே மாவில் உலர்திராட்சையும் ஜாதிக்காய்த் தூளும் ஒரு முட்டையும் சேர்த்து மெலிதாகத் தட்டிச் சுட்டால் வெல்ஷ் கேக். நார்தம்பர்லாந்தில் வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் மிகுதியாகப் போட்டுச் சுடும் வகையின் பெயரில் 'பாடும்' என்ற அடைமொழி உண்டு. கல்லில் கொழுப்பு உருகிச் சீறும் சத்தம்தான் அந்தப் பாட்டு.

ஸ்கோனுக்குரிய பால்பொருள்களில் இந்த மாவட்டத்துக்குக் குறையில்லை. வெண்ணெய் எடுத்த பின் மத்தில் மிஞ்சும் புளித்த மோர்தான் பிரிட்டிஷ் பண்ணைவீடுகளில் சோடாவுக்குப் புளிப்பு தந்தது. மோர் ஊற்றினால் பேக்கிங் பவுடரே தேவையில்லை; 250 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டி ஆப்பச்சோடா போதும். கூடினால் சவர்க்கார நெடி வரும். மேலே தடவும் டெவன், கார்ன்வால் பாலேடு என்பது கெட்டிப்பாலை மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்து, ஆறவிட்டு, மேலே படியும் தடித்த ஏட்டை வழித்தது. பாலை அடி பிடிக்காமல் சுண்டவைக்கும் திறமை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே பால் பால்கோவாவாகும்வரை கிண்டப்படுகிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே பாலைக் கிண்டாமல், சிறுதீயில் அசைக்காமல் விட்டு ஆடையை வழித்துச் சேர்த்தால் ஸ்கோனுக்கான பாலேடு. ஜாமுக்கு ஸ்ட்ராபெரி தேட வேண்டியதில்லை. கோடையில் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் போதும். எலுமிச்சைச் சாறு விட்டால் இனிப்பு திகட்டாது.

ஈஸ்ட் வகையில் வீட்டுக்கு மிக நெருங்கியது க்ரம்பெட். 1769இல் மான்செஸ்டர் வாசியான எலிசபெத் ராஃபால்டு தம் நூலில் இதற்குச் செய்முறை தந்திருக்கிறார். சோடா சேர்க்கும் வழக்கமும் மேலே தேன்கூடு போலத் துளைகளும் விக்டோரியா காலத்தவை. 225 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி உப்பு, 350 மில்லி பாலும் தண்ணீரும் கலந்தது. இட்லி மாவை விடத் தளர, தோசை மாவை விடக் கெட்டியாகக் கரைத்துப் பொங்கவிட வேண்டும். பொங்கியபின் அரைத் தேக்கரண்டி ஆப்பச்சோடாவைச் சிறிது வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, கல்லில் வைத்த வளையத்துக்குள் ஒரு கரண்டி விட வேண்டும். வளையத்துக்கு இரு பக்கமும் வெட்டி விளிம்பு தேய்த்த டின் போதும். வளையமே இல்லாமல் ஊற்றிப் பரவவிட்டால் அது பைக்லெட். பணியாரச் சட்டிக் குழியில் விட்டால் குட்டி க்ரம்பெட்.

ஆப்பம் சுடத் தெரிந்தவருக்குத் துளைகளின் கணக்கைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கீழிருந்து சூடு ஏற ஏற வாயுக்குமிழிகள் மேலே வந்து உடைகின்றன. உடைந்த இடம் மூடிக்கொள்வதற்குள் மாவு இறுகினால் துளை நிற்கும். மாவு கெட்டியானால் குமிழி மேலே வராது. மிகத் தளர்ந்தால் துளை மூடிக்கொள்ளும். முதலில் ஒன்றை மட்டும் ஊற்றிப் பார்ப்பது அதனால்தான். துளை வராவிட்டால் இரண்டு கரண்டி தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆப்பத்தைப் போல மூடி வேகவைக்கக் கூடாது. ஆவி மேற்பரப்பை ஈரமாக்கித் துளைகளை அடைத்துவிடும். எட்டு நிமிடத்தில் மேற்புறம் ஈரம் வற்றியபின் வளையத்தைக் கழற்றி, மறுபுறம் ஒரு நிமிடம் மட்டும் காட்டினால் போதும். க்ரம்பெட் உடனே தின்பதற்கல்ல. ஆறவிட்டு, மறுபடி கல்லில் மொறுமொறுப்பாக வாட்டி வெண்ணெய் வைத்தால், உருகிய வெண்ணெய் துளைகளில் இறங்கி நிற்கும். அதற்காகத்தான் துளைகள்.

பிரிட்டிஷ் செய்முறைகள் எல்லாம் மாவை இளஞ்சூடான இடத்தில் வைக்கச் சொல்கின்றன. விருதுநகரில் அந்தச் சொல்லைத் திருப்பிப் படிக்க வேண்டும். இருபது பாகை வெப்பமுள்ள அறைக்காகச் சொன்ன ஒன்றரை மணி நேரம், அக்னி நட்சத்திர வேளையில் நாற்பது நிமிடமாகச் சுருங்கிவிடும். மறந்து விட்டால் மாவு பொங்கி அமுங்கி, மது நெடி அடிக்கும். பால் வெதுவெதுப்பாக இருக்கக் கூடாது, பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் இருக்கலாம். ஈஸ்ட்டை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். பட்டாசுத் தொழிலுக்கு இங்கே வாய்ப்பாக அமைந்தது வறண்ட காற்று. மருந்தும் காகிதக் குழாயும் வெயிலில் காய வேண்டும். மழை குறைந்த கரிசல் அதற்கு உதவியது. மாவுக்கு அதே காற்று பகை. அரைமணி திறந்து வைத்தால் மேலே தோல் கட்டி, உருட்டும்போது கட்டிகட்டியாக நிற்கும். இட்லித்துணியை நனைத்துப் பிழிந்து மூடுவது கட்டாயம்.

மஃபினும் டீகேக்கும் பிசைந்த மாவில் ஆனவை. இங்கே பரோட்டாக் கை பயன்படும். பத்து நிமிடம் நன்றாகப் பிசையலாம். 450 கிராம் மைதா, ஒரு பாக்கெட் ஈஸ்ட், 50 கிராம் வெண்ணெய், 275 மில்லி பால் என்பது டீகேக்கின் கணக்கு; சர்க்கரையும் உலர்பழமும் விருப்பம்போல். மஃபினுக்கு இனிப்பும் பழமும் வேண்டாம். உருட்டித் தட்டி ரவை தூவி, மீண்டும் உப்பவிட்டு, தோசைக்கல்லில் சிறுதீயில் ஒரு பக்கத்துக்கு எட்டு நிமிடம் விட்டால் மஃபின் தயார். டீகேக்கையும் கனமான மூடி போட்டு இப்படியே சுடலாம். பக்கவாட்டில் நிறம் வராது, அவ்வளவுதான். உள்ளூர் பேக்கரி பன்களில் இருக்கும் டூட்டி ஃப்ரூட்டி, சாயமேற்றிப் பாகில் ஊறவைத்த பப்பாளிக்காய். பிரிட்டிஷ் டீகேக்கில் அந்த இடத்தில் இருப்பது பாகில் ஊறிய சிட்ரான் தோல். ஊறுகாய்க்கு வாங்கும் நார்த்தங்காயின் தோலை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கசப்பை இறக்கி, பாகில் போட்டு உலர்த்தினால் அசலுக்கு அருகில் வரும். டீகேக்கைக் குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கத்தைக் கல்லில் வெண்ணெயோடு வாட்டித் தின்பதே முறை. மதுரைப் பக்கத்துப் பன் பட்டர் ஜாம் ரசிகர்களுக்கு அது பழகிய சுவைதான்.

பாரா ப்ரித் வேல்ஸ் நாட்டுப் பழரொட்டி. தேநீரோடு தின்பது மட்டுமல்ல, தேநீரிலேயே செய்வது. 300 கிராம் உலர்திராட்சையை 300 மில்லி கடும் கட்டன் சாயாவில் இனிப்போடு இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் 300 கிராம் மைதா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு முட்டை, பட்டை கிராம்புத் தூள் சேர்த்துக் கலக்குவார்கள். இனிப்புக்குக் கருப்பட்டி போட்டால் நிறமும் மணமும் கூடும். ஆனால் கருப்பட்டியை உடைத்து அப்படியே போடக் கூடாது. அடியில் மண்ணும் சிராயும் இருக்கும். சூடான சாயாவில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டியபிறகே திராட்சையை ஊறப்போட வேண்டும். இதற்குச் சுற்றிலும் சூடு தேவை. அதற்குப் பழைய குக்கர் உதவும். உள்ளே இரண்டு விரற்கடை மணலோ உப்போ பரப்பி, ஒரு வளையத்தை வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிய மூடியால் மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, நெய் தடவிய பாத்திரத்தை இறக்க வேண்டும். சிறுதீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈர்க்குச்சி குத்தி எடுத்தால் ஒட்டக் கூடாது. தண்ணீரில்லாமல் காய்வதால் புதுக் குக்கரை இதற்குப் பழக்குவது நல்லதல்ல.

கடைசியாகப் பார்கின். சிவகாசிக்கு இதைவிடப் பொருத்தமான பிரிட்டிஷ் பண்டம் இல்லை, ஏனெனில் இது வாணவேடிக்கை இரவின் பண்டம். 1605 நவம்பர் 5 அன்று, நாடாளுமன்றத்தின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டான். அரசர் தப்பியதைக் கொண்டாடச் சட்டமே போட்டார்கள். 1859இல் அந்தச் சட்டம் நீங்கியும் கொண்டாட்டம் நிற்கவில்லை. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் அன்று இரவு சொக்கப்பனை கொளுத்தி, வாணம் விட்டு, பார்கின் தின்பார்கள். அது ஓட்ஸ் மாவு, கரிய சர்க்கரைப்பாகு, வெண்ணெய், இஞ்சித்தூள் கலந்து சுட்ட கனமான ரொட்டி. தமிழ் வீடுகள் பலவற்றில் பட்டாசு வெடிக்கும் தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் முதலில் நாவில் வைப்பது லேகியம். அது சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமத்தை வெல்லத்திலும் நெய்யிலும் கிளறியது. ஒன்றிலிருந்து மற்றது வந்ததல்ல. இரு பண்டிகைகளும் குளிரும் மழையும் தொடங்கும் பருவத்தவை. பனியில் நின்று புகையை முகர்ந்து, கொழுப்பும் இனிப்பும் நிறையத் தின்னப்போகும் உடம்புக்கு இஞ்சியைத் தேர்ந்திருக்கின்றன.

கரிசலில் பார்கினுக்குக் கம்பு மாவு. கம்பு மாவில் கொழுப்புச்சத்து அதிகம் என்பதால் அரைத்துச் சில நாளிலேயே கசந்துவிடும்; அன்றன்று அரைத்ததுதான் ஏற்றது. 200 கிராம் கம்பு மாவு, 100 கிராம் மைதா, மூன்று தேக்கரண்டி சுக்குத்தூள், ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடா. 200 கிராம் கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடித்து, 120 கிராம் வெண்ணெயோடு இளஞ்சூட்டில் உருக்கி, மாவில் ஊற்றி, ஒரு முட்டையும் பாலும் சேர்த்துக் கெட்டிக் கூழ் பதத்தில் கலக்க வேண்டும். பாரா ப்ரித்துக்குச் சொன்ன குக்கர் முறையே இதற்கும். சுட்ட அன்று பார்கின் வறண்டு உதிரும். டப்பாவில் மூடி இரண்டு மூன்று நாள் வைத்தால் இனிப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுவென்று இளகும். தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே செய்து வைக்கத் தோதான பண்டம். ஐப்பசி ஈரத்தில் நான்கு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். எறும்பு வராமல் டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்த வேண்டும்.

ஸ்கோன் சுட்ட அன்றே தீர்ந்துவிட வேண்டிய பொருள். மஃபினும் க்ரம்பெட்டும் மறுநாள் வரை நிற்கும். பாரா ப்ரித் ஒரு வாரம் தாங்கும். கல்லால் செய்ய முடியாதவையும் உண்டு. செல்சீ பன்னைப் போல ஒன்றையொன்று நெருக்கி எழுந்து பக்கமெல்லாம் மிருதுவாக நிற்கும் பன்னுக்கும், உயரமான சாண்ட்விச் ரொட்டிக்கும் மேலும் கீழும் ஒரே அளவு சூடு வேண்டும். அவை பேக்கரி அடுப்பின் வேலை. அங்கேயே வாங்குவது நல்லது. மற்றவற்றுக்குத் தோசைக்கல், பணியாரச் சட்டி, குக்கர், ஈரத்துணி ஆகிய நான்கும் போதும்.